கடலியல் படிக்கப் போகிறீர்களா? சின்னச் சொற்களிடம் ஏமாறாதீர்கள்

முதுகலை முதல் பருவத் தேர்வில், 'ரெக்ரூட்மெண்ட்டைப் பாதிக்கும் காரணிகள் யாவை?' என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. மீன்வளப் பாடத்தில் இது எங்கே இருந்தது என்று ஒரு நிமிடம் விழித்தேன். பிறகு, மீன்வளத் துறையில் காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாததைக் கண்டித்து ஒன்றரைப் பக்கம் ஆவேசமாக எழுதி வைத்தேன். குஞ்சுகள் பிழைத்து வளர்ந்து, வலையில் சிக்கும் அளவை எட்டி, பிடிபடும் கூட்டத்தோடு சேர்வதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். விடைத்தாளைத் திருப்பித் தந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் தேவனாம்பட்டினத்துக்காரி. அம்மா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிதான் படித்தேன். என்னைப் போன்றவர்கள் கல்லூரிக்குப் போனதும் பயப்படுவது வாயில் நுழையாத நீளமான கிரேக்கச் சொற்களுக்கு. அவை அப்பாவிகள். ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது. நம்மைக் கவிழ்ப்பவை, ஏற்கெனவே தெரியும் என்று நாம் தாண்டிப் போகிற சின்னச் சொற்கள்.

'ஸ்பிரிங் டைட்' என்பதற்கும் வசந்த காலத்துக்கும் தொடர்பில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் வரும் நாட்களையொட்டி ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், துள்ளி எழுகிறதே, அதுதான். அஷ்டமியை ஒட்டி ஓதம் சோம்பிக் கிடப்பது 'நீப் டைட்'. 'ஃபெட்ச்' என்றால் எடுத்து வருவதல்ல. காற்று தடையில்லாமல் கடல்மேல் வீசிவரும் தூரம். 'சவுண்டிங்' ஓசையல்ல, ஆழம் பார்ப்பது. 'ப்ளூம்' பூப்பதல்ல, நுண்பாசி திடீரெனப் பெருகுவது. அப்படிப் பெருகிக் கடல் செந்நிறமானால் 'ரெட் டைட்' என்கிறார்கள். அதில் ஓதமே கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊருக்குள் புகுந்ததையும் 'டைடல் வேவ்' என்று எழுதியவர்கள் உண்டு. சுனாமிக்கும் நிலவுக்கும் ஓதத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த ஒன்றை மட்டும் யார் தவறாகச் சொன்னாலும் நான் திருத்தாமல் விடுவதில்லை.

காற்றும் நீரோட்டமும் இன்னொரு பொறி. காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயர். வாடை வடக்கிலிருந்து வருகிறது, தென்றல் தெற்கிலிருந்து; ஆங்கிலமும் அப்படியே. ஆனால் நீரோட்டத்துக்கு ஆங்கிலத்தில் அது போகும் திசைதான் பெயர். ஆகவே 'நார்தர்லி விண்ட்' தெற்கு நோக்கி வீசுகிறது, 'நார்த்வர்ட் கரண்ட்' வடக்கு நோக்கி ஓடுகிறது. வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போட்டுப் பார்க்காமல் இந்த இரண்டையும் ஒரே விடையில் எழுதாதீர்கள்.

சரி, எப்படிக் கற்பது? சொற்பட்டியலை மனப்பாடம் செய்து நான் உருப்பட்டதில்லை. விடியற்காலையில் அம்மாவோடு துறைமுகத்துக்குப் போனபோதுதான் வழி கிடைத்தது. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் மை ஓடிவிடும். இடது பக்கம் கண்ணால் கண்டது, வலது பக்கம் அதற்கான ஆங்கிலம், அதன் கீழே அந்தச் சொல்லைப் பாடநூலில் பார்த்த முழு வாக்கியம். வலையின் மடி என்று நாம் சொல்வது 'காட் எண்ட்'. செவுள் வலை 'கில் நெட்'. இவை எளிது. ஏலம் முடிந்து ஓரமாகக் குவிந்து கிடப்பதையும் கடலில் கொட்டிவிட்டு வருவதையும் அம்மா ஒரே சொல்லில் 'கழிசல்' என்பார். ஆங்கிலம் அதை மூன்றாகக் கூறு போடுகிறது. தேடிப் போகாமல் வலையில் வந்தது 'பை-கேட்ச்'. அதில் கடலிலேயே திருப்பிக் கொட்டியது 'டிஸ்கார்ட்'. கரைக்கு வந்து தீவனத்துக்கோ கருவாட்டுக்கோ மலிவாகப் போவது 'ட்ராஷ் ஃபிஷ்'. குவியலுக்கு முன்னால் நின்று எழுதியதால் இன்றுவரை எனக்கு இந்த மூன்றும் குழம்பியதில்லை.

நீளச் சொற்களுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்கள் 'நியூமட்டோஃபோர்'. 'நியூமா' என்றால் காற்று, மூச்சு. 'ஃபோர்' என்றால் தாங்குவது. பக்கத்திலேயே முட்டுக்கால் ஊன்றி நிற்கும் மரம் 'ரைசோஃபோரா', அதாவது வேர்தாங்கி. சொறிமீன் போலத் தோன்றும் 'டீனோஃபோர்' சீப்புத்தாங்கி. ஒரு 'ஃபோர்' மூன்று சொற்களைத் திறந்துவிட்டது. இதேபோல 'க்ளைன்' என்றால் சரிவு. முன்னால் 'தெர்மோ' வந்தால் வெப்பம், 'ஹேலோ' வந்தால் உப்பு, 'பிக்னோ' வந்தால் அடர்த்தி ஆழத்தோடு சட்டென மாறும் அடுக்கு. 'பிளாங்க்டன்' 1887இல் ஹென்சன் என்ற ஜெர்மானியர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். அலைந்து திரிவது என்று பொருள். மீனின் அறிவியல் பெயர் எல்லாமே அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். கானாங்கெளுத்தியின் பெயர் 'ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா'. அந்தக் கனகுர்தா விசாகப்பட்டினக் கரையின் தெலுங்குப் பெயர். 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதையே எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக் கட்டுரையை முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள், தூக்கம் வரும். செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். அது கையால் செய்த வேலை, கண்ணுக்குத் தெரியும். அங்கே 'மாதிரிகள் சேகரிக்கப்பட்டன' என்ற செயப்பாட்டு வினை வரிசையாக வரும். 'படு' போட்டுப் பேசிப் பழகாத நமக்கு அது கட்டையாக ஒலிக்கும். ஆனால் படகு கரை சேர்ந்ததும் 'மீன் இறக்கியாயிற்று, ஐஸ் போட்டாயிற்று' என்கிறோமே, அதில் யார் செய்தார் என்று வருகிறதா? அந்த 'ஆயிற்று'தான் ஆங்கிலத்தின் 'வாஸ் கலெக்டட்'. முடிவுரையில் வரும் 'மே', 'அப்பியர்ஸ் டு', 'சஜஸ்ட்ஸ்' எல்லாம் வானத்தைப் பார்த்து 'காற்று மாறும் போலிருக்கிறது' என்று பெரியவர்கள் சொல்வதற்குச் சமம். 'மாறும்' என்று அடித்துச் சொன்னால் கரையிலும் நம்பமாட்டார்கள், நெறியாளரும் நம்பமாட்டார்.

ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், செலவில்லாத பாடநூல்.

ஒருமை பன்மையில் சில கண்ணிகள். 'ஸ்பீஷீஸ்' ஒருமையிலும் அதேதான். கடைசி 'S' எழுத்தை வெட்டினால் நாணயம் என்று பொருள் வரும். ஒரே இன மீன் நூறு இருந்தாலும் 'ஃபிஷ்', பல இனங்களைச் சொல்லும்போது 'ஃபிஷஸ்'. 'லார்வா'வின் பன்மை 'லார்வீ'. பேரினப் பெயருக்குப் பெரிய எழுத்து, சிற்றினப் பெயருக்குச் சிறிய எழுத்து, கையால் எழுதினால் இரண்டுக்கும் அடிக்கோடு. இதில் மதிப்பெண் போவது அநியாயம், ஆனால் போகிறது.

கடைசியாக, வாய்மொழித் தேர்வு. எழுதிக் கற்ற சொல்லை வாயால் சொல்லிப் பார்க்காமல் போகாதீர்கள். ஆங்கிலத்தில் 'நியூமட்டோஃபோர்' என்பதன் முதல் எழுத்தான 'P'யும் 'டீனோஃபோர்' என்பதன் முதல் எழுத்தான 'C'யும் ஊமை. கழிமுகத்தைக் குறிக்கும் 'எஸ்சுவரி'யில் 'டு' என்ற ஓசையை அழுத்த வேண்டியதில்லை. கடலில் மிதக்கும் மிதவைக்கு ஆங்கிலேயர் 'பாய்' என்கிறார்கள், அமெரிக்கர் 'பூயி' என்கிறார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே சொல்லுங்கள். நான் ஒரே பதிலில் இரண்டையும் சொல்லிவிட்டு, மிதவை எத்தனை என்று கேட்கப்பட்டேன்.