60 மீட்டருக்கு மேல் வேகம் விழுந்தது ஏன்?

நான் பயிற்சி கொடுக்கும் பெண் 100 மீட்டரில் முதல் 60 வரை முன்னால் இருப்பாள். அப்புறம் எல்லோரும் தாண்டிவிடுவார்கள். எடை தூக்க வைத்தோம். தெம்புக்கு 300 மீட்டர் ஓட்டங்கள், புது ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) என்று நாட்கள் வீணாயின.

விடை மண் தடத்திலேயே இருந்தது. ஆரம்பத்தில் ஸ்பைக்ஸ் கிளறிய மண் காலடிக்குப் பின்புறம் குவிந்திருந்தது. 60க்கு மேல் முன்புறமும் ஒரு சிறு மேடு! கால் தரையை முன்னோக்கித் தள்ளினால் தரை ஆளைப் பின்னோக்கித் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிதான். எட்டி வைக்கும் ஆசையில் பாதத்தை இடுப்புக்கு வெகு முன்னால் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட்டிருக்கிறாள்.

அங்கே குச்சிகளை அவள் எட்டி வைக்கும் தூரத்தைவிட அரைச் சாண் நெருக்கமாகப் போட்டு, பாதம் இடுப்பை ஒட்டியே விழும்படி ஓடவிட்டேன். முன்மேடு குறைந்தது, கடைசி 40இல் வேகமும் விழாமல் நின்றது. அப்பாடா!