முதலில் அணைக்கப் பழகட்டும்

பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்துவிட்டால் எங்கள் வீட்டில் தினமும் தொக்குதான். போன கோடை விடுமுறையில் மூத்தவள், பதினொரு வயது, "தொக்கு நான் செய்யறேம்மா" என்று நச்சரிக்க ஆரம்பித்தாள். சரி என்றேன். ஆனால் முதல் வாரம் முழுக்க அவளுக்கு கேஸ் அடுப்பை அணைக்கும் வேலை மட்டும்தான். நான் பற்றவைப்பேன், அவள் அடுப்பை அணைத்து, குனிந்து சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுவாள். யோசிக்காமலே கை அங்கே போகிறது என்று தெரிந்த பிறகே லைட்டரைக் கொடுத்தேன்.

அடுப்புக் குமிழ் தண்ணீர்க் குழாய் மாதிரி இல்லை. குழாயைக் கொஞ்சம் திருகினால் கொஞ்சமாக வரும். இதிலோ அழுத்தித் திருகியதும் பெரிய தீதான் முதலில் வரும், இன்னும் திருகினால்தான் சிம். இதை அணைந்த அடுப்பிலேயே பத்துத் தடவை திருகிப் பழகட்டும், ரெகுலேட்டர் மூடியிருக்கும்போது.

லைட்டரைப் பர்னர் ஓரம் வைத்த பிறகே குமிழைத் திருக வேண்டும். சின்ன வயதில் நான் குமிழைத் திறந்துவிட்டு ஏழெட்டுத் தடவை லைட்டரைத் தட்டினேன். பிடித்தபோது பக்கென்று எழுந்து முன்நெற்றி முடி கருகிப்போனது. அதனால் எங்கள் வீட்டில் மூன்று தட்டுத்தான் கணக்கு. பிடிக்கவில்லையா, குமிழை மூடு, கதவு ஜன்னலைத் திற, நாற்றம் போகும்வரை பொறு. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். உள்ளே நுழையும்போதே நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே ஓடிவந்து என்னைக் கூப்பிட வேண்டும். அவசர எண் 1906 சுவரில் எழுதியிருக்கிறது.

அடுப்பு அவள் முழங்கைக்கு மேலே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டூல் வழுக்கும் என்பதால் பழைய பலகை மணையில் நிற்க வைத்தேன். பருத்திச் சட்டை, பின்னிய தலை, துப்பட்டா வேண்டாம். கரித்துணி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

முதலில் முட்டை வேகவைத்தாள், அப்புறம் ராகி தோசை. தொக்கில் தாளிப்பு இன்னும் என்னுடையதுதான், கடுகு வெடிக்கும். தக்காளியை அவள் போடுவாள், சிம்மில் வைத்து, சட்டி ஓரமாக, ஒரு கையில் மூடியோடு. அந்த மூடி எண்ணெய் தெறிப்புக்கு மட்டுமில்லை. எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து அதையே கவிழ்க்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டணும். மாமியார் இன்னும் பேஸ்ட்டோடுதான் ஓடிவருகிறார், அவரைத் தடுப்பது தனி வேலை.

இப்போது களி கிண்டணுமாம் அவளுக்கு. கொதிக்கிற மாவு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும். மாவைக் கொட்டிக் கிளறுவது நான், இறக்கிய பிறகு உருண்டை பிடிப்பது அவள் என்று பேசி முடித்திருக்கிறோம்.