காற்று மாசு வயல் மண்ணின் உயிர்களைத் தாக்கியுள்ளதா எனக் கண்டறியும் முறை

வயலருகே புகைபோக்கியோ நெடுஞ்சாலையோ இருந்தால், இலையில் படிந்த கரியைப் பார்த்தே பாதிப்பை எடைபோடுகிறோம். மண்ணுக்குள் நடப்பதை அந்தக் கரி காட்டாது. எங்கே தோண்டுவது, எதைத் தேடுவது என்பது எந்த மாசு எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் அமிலங்களாக மாறி, மழையோடு இறங்கி மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. சிமெண்ட் தூசியோ நேர்மாறாகக் காரத்தன்மையைக் கூட்டும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் உழாத நிலத்தில் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். தரையருகே காற்றில் மாசாக உள்ள ஓசோன் மண்ணுக்குள் அதிகம் இறங்குவதில்லை. அது இலைத்துளைகள் வழியே நுழைந்து ஒளிச்சேர்க்கையைக் குறைப்பதால் வேருக்குச் செல்லும் சர்க்கரை குறைந்து, அதை நம்பி வாழும் வேர் உட்பூசணமும் (வேரோடு கூடி வாழும் பூஞ்சை) ரைசோபியமும் (பயறுச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா) பட்டினி கிடக்கின்றன.

ஒரே மண் வகை, ஒரே பயிர், ஒரே உழவு முறை உள்ள இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மாசு மூலத்திற்கு அருகில், காற்று வீசும் திசையில் இருக்க வேண்டும். மற்றொன்று தொலைவில் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 5 குழிகளாவது தேவை, ஏனெனில் மண்புழுக்கள் நிலமெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒற்றைக் குழியை வைத்து முடிவுக்கு வருவது வீண் வேலை. மண் ஈரமாக உள்ள ஒரே நாளில், நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 செ.மீ. இருக்குமாறு வெட்டியெடுத்து, வெள்ளைத் துணியில் கொட்டி, கட்டிகளைக் கையால் உடைத்துப் புழுக்களை எண்ணுங்கள்.

பயறு வகைப் பயிராக இருந்தால், பூக்கும் பருவத்தில் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் மெல்ல அலசி, சில வேர் முடிச்சுகளைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. அந்த நிறம் முடிச்சில் உள்ள லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் நைட்ரஜன் நிலைநிறுத்தம், அதாவது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உதவும் வடிவாக மாற்றுவது, நடக்கவில்லை. யூரியா அதிகம் இட்ட நிலத்திலும் முடிச்சுகள் குறையும் என்பதால், பழியை உடனே காற்றின் மேல் போட வேண்டாம்.

மண்ணில் வாழும் மிகச் சிறிய உயிரிகளான உண்ணிகளையும் துள்ளு பூச்சிகளையும் பிரித்தெடுக்க, 1905-இல் இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே வகுத்த புனல் முறை இன்றும் போதும். சல்லடை வைத்த புனலில் மண்ணை இட்டு, மேலே மின்விளக்கை எரியவிட்டு, கீழே ஆல்கஹால் நிரப்பிய குப்பியை வையுங்கள். மேற்பகுதி காயக் காய, உயிரிகள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிக் குப்பியில் விழும்.

அமில அளவை அறிய 10 கிராம் மண்ணை 25 மி.லி. வாலை வடிநீரில் கலக்கி, அரை மணி நேரம் இடையிடையே கிளறி, பிஎச் மீட்டரால் அளக்கலாம். பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். அது 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரையத் தொடங்கி வேர்களைத் தாக்கும்; 4.5-க்குக் கீழே பெரும்பாலான மண்புழு இனங்கள் தங்குவதில்லை. கன உலோகங்களுக்கு ஆய்வகச் சோதனை தவிர வேறு வழியில்லை.

இரண்டு இடங்களுக்கும் நடுவிலும் தோண்டிப் பார்த்து, மூலத்திலிருந்து விலக விலக எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்தால் காற்றைச் சந்தேகிக்க இடமுண்டு. சாலையோர வரிசைகளில் மட்டும் குறைந்திருந்தால், டிராக்டர் திரும்பி இறுகிய மண்ணே காரணமாக இருக்கலாம். அதைப் பலர் கவனிப்பதில்லை.

அமிலமான மண்ணுக்குச் சோதனை அளவுப்படி சுண்ணாம்பு இடுங்கள். அது காட்மியம் வேருக்குள் ஏறுவதையும் குறைக்கும். சிமெண்ட் தூசி படிந்த மண்ணில் சுண்ணாம்பு கூடாது. தொழு உரம் மண்ணுயிர்களுக்கு உணவாகும். அடர்ந்த மரவரிசை தூசியைத் தடுக்கும். ஓசோனை ஏறத்தாழத் தடுக்காது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில், பழைய குழிகளை ஒட்டிய இடத்தில் மீண்டும் தோண்டி எண்ணுங்கள்.