மணலுக்குள் நீர் வடிவதை முப்பரிமாணத்தில் படம்பிடிக்கத் திட்டமிடுவது எப்படி?

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை 4 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நிரப்பி, நீர் வடியும்போது மணல்துகள்களின் இடைவெளிகளில் நடப்பதை எக்ஸ்-கதிர் வழியே அப்போதைக்கப்போதே முப்பரிமாணத்தில் காண விரும்பும் கடலூர், புதுச்சேரி ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவமனை சி.டி. கருவியில் நோயாளி அசையாமல் படுத்திருக்க, கதிர்க்குழாய் அவரைச் சுற்றி வருகிறது. எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் சுழலவிட்டு வலுவான எக்ஸ்-கதிர்களை உண்டாக்கும் பெருங்கருவியான சின்கிரோட்ரானில் கதிர்க்கற்றை அசையாது. மாதிரிதான் சுழல வேண்டும். சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் இயங்கும் இண்டஸ்-2 சின்கிரோட்ரானில் படிமமாக்கலுக்கென்றே ஒரு பீம்லைன் (கற்றையை மாதிரிக்குக் கொண்டுவரும் சோதனை நிலையம்) உண்டு. அங்கே விண்ணப்பிக்கும் முன் முடிக்க வேண்டியது வேகக் கணக்கு. 4 மி.மீ. அகலத்தை 1000 பிக்சல்களில் பிடித்தால் ஒரு பிக்சல் 4 மைக்ரான். நீரின் விளிம்பு வினாடிக்கு 40 மைக்ரான் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.1 வினாடியில் அது ஒரு பிக்சலைக் கடந்துவிடும். பல கோணங்களில் எடுத்த தனிப்படங்களைச் சேர்த்துத்தான் ஒரு முப்பரிமாணப் படிமம் உருவாகிறது; அதற்குள் முழுப் படிமமும் முடியாவிட்டால் விளிம்பு கலங்கித் தெரியும். கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வரும் இணைக்கற்றைக்கு 180 பாகை சுழற்சியே போதுமென்பதால், வினாடிக்கு 5 சுற்றுகள் தேவை. 1000 பிக்சல் அகலத்துக்குச் சுமார் 1570 கோணங்கள் வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. ஆனால் துகள்கள் நகராதவரை, வடிதலுக்கு முன்பே நிதானமாக எடுத்த ஒரு முழுப் படிமத்தின் துணையோடு 300 கோணங்களிலேயே சமாளிக்கலாம் என்பது என் கருத்து. அப்படியானாலும் கேமரா வினாடிக்கு 3000 படங்கள் எடுத்தாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் டோம்கேட் பீம்லைனில் வினாடிக்கு 1000 முப்பரிமாணப் படிமங்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதற்கு மாதிரி வினாடிக்கு 500 முறை சுழல வேண்டும். அப்போது நம் குழாயின் ஓரத்தில் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 2000 மடங்காகி, நீரில் சுமார் 20,000 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். 0.1 மி.மீ. ஆரமுள்ள துளையில் நீரைப் பிடித்துவைக்கும் நுண்புழை அழுத்தமோ 1,400 பாஸ்கல் அளவே. ஆக, வடிதலைப் பார்க்கப் போய், நாமே நீரை ஓரத்துக்கு வீசியடித்ததைத்தான் பார்ப்போம். வினாடிக்கு 5 சுற்றுகளில் இந்த அழுத்தம் 2 பாஸ்கல்தான், கவலையில்லை.

மணலைக் கழுவி உலர்த்திய பின், வெள்ளைத்தாளில் பரப்பி வலுவான காந்தத்தை மேலே நகர்த்துங்கள். கருமணல் துகள்கள் எழுந்து ஒட்டும். கனமான இத்துகள்கள் கதிரை மிகுதியாக உறிஞ்சிப் படிமத்தில் கோடுகளை இழுத்துவிடும். நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு துலங்க, நீரில் பொட்டாசியம் அயோடைடு கரைப்பது வழக்கம்; ஆனால் மாதிரியைக் கடந்து வரும் கதிர் 10 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி அளவோடு கரைக்க வேண்டும். நீரை உறிஞ்சும் குழாய் சுழற்சியில் முறுக்கிக்கொள்ளும் என்பதால், சுழல் இணைப்போ மாதிரியோடு சேர்ந்து சுற்றும் சிறு பம்போ தேவைப்படும். கிளம்பும் முன் நம் ஊர் ஆய்வகத்திலேயே ஒரு மோட்டாரில் பொருத்திச் சுழற்றி, சுழற்சி தொடங்கும் அதிர்வில் மணல் கீழிறங்குகிறதா என்று கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் பாருங்கள்.

எக்ஸ்-கதிரைக் கேமராவுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் சின்டிலேட்டரின் தேர்விலும் கவனம் வேண்டும். காடோலினியம் ஆக்சிசல்ஃபைடின் ஒளி அணைய ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகும். நம் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பதிலாக, ஒளி விரைவில் அணையும் சீரியம் சேர்த்த லுடேசியம் அலுமினியம் கார்னெட்டைக் கேளுங்கள். 16 பிட் படங்களாக வினாடிக்கு 6 ஜிபி தரவு வரும். கேமரா நினைவகம் நொடிகளில் நிரம்பிவிடும். எனவே பழையதை அழித்தபடி தொடர்ந்து பதிவுசெய்து, நிகழ்வு முடிந்ததும் நிறுத்தும் முறையே ஏற்றது.

துளையொன்றில் நீர் திடீரென விலகிக் காற்று பாயும் ஹெய்ன்ஸ் தாவல் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும், நம் 0.1 வினாடிப் படிமத்தில் முன்னும் பின்னும்தான் தெரியும். ஆயினும் அந்த 300 தனிப்படங்களை, ஒரு முழுச் சுற்றுக்கு முன் அதே கோணத்தில் எடுத்தவற்றோடு கழித்துப் பார்த்தால், தாவல் எந்தப் படத்தில் தொடங்கியது என்பது வெளிப்படும். ஆகவே தனிப்படங்களிலிருந்து முப்பரிமாணப் படிமங்களைக் கட்டமைக்கும் டோமோபை மென்பொருளில் படிமங்களை மீட்டெடுத்த பிறகும் மூலப்படங்களை அழிக்காதீர்கள். கற்றை இல்லாத படங்களையும், மாதிரி இல்லாத படங்களையும் அதே கோப்புறையில் சேர்த்து வையுங்கள்.