1/5 அளவு பெட்ரோல் ஆர்.சி. கார்: ஆன்-ரோடு ரேஸுக்கு முதல் செட்டப்

நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு நிஜக் காரை ஐந்தால் வகுத்துப் பாருங்கள், 90 சென்டிமீட்டர் வரும். அதுதான் நாம் பேசப்போகும் ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) காரின் நீளம். எடை 10 கிலோவை ஒட்டி இருக்கும். நேர்ப்பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் பெட்டியைப் பிரித்ததும் ஓட்டிப் பார்க்கிற ஆசையை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு நாளில் மேசை மேல் செய்கிற வேலைதான் காரை ஓட்டத்தக்கதாக ஆக்குகிறது.

இந்தப் பிரிவு ஐரோப்பாவில் வேரூன்றியது. ஜெர்மனியில் வின்டர்பாக் என்ற ஊரின் எஃப்ஜி நிறுவனக் கார்கள் பலருக்கு முதல் கார். இன்ஜின் பெரும்பாலும் ஜப்பானின் ஸெனோவா. தோளில் மாட்டிக் களை வெட்டுகிற மெஷினில் இருக்குமே, அதே வம்சத்து டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: எஃப்ரா எனும் ஐரோப்பிய ஆர்.சி. கார் கூட்டமைப்பின் டூரிங் கார் (நிஜ சாலைக் காரின் உருவம் கொண்ட வகை) போட்டிகளில் இன்ஜினுக்கு 23 சிசி வரம்பு உண்டு. ஸெனோவா ஜி230 என்பது 22.5 சிசி, அது தேறும். ஜி260 என்பது 25.4 சிசி, அது தேறாது. எந்தப் பந்தயத்தில் ஓட்டப்போகிறீர்களோ அதன் விதியைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நான் சொல்வதெல்லாம் பின்சக்கரம் இழுக்கிற பெட்ரோல் டூரிங் காருக்கு.

முதலில் ஒரு சமமான பலகை

கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற மேசை சமமாக இருக்காது. தடித்த கண்ணாடியோ வழுவழுப்பான கிரானைட் பலகையோ கிடைத்தால் நல்லது. நீர்மட்டம் வைத்து, நான்கு மூலையிலும் அட்டைத் துண்டு கொடுத்துச் சமப்படுத்துங்கள். பிறகு ஒரு வெர்னியர், நல்ல அலன் கீ செட், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அளக்கும் கேஜ், நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை). உலோகத்துக்குள் ஏறும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு சொட்டு லாக்டைட் கட்டாயம். இந்த இன்ஜினின் அதிர்வு எதையும் கழற்றிவிடும். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவுக்கு மட்டும் போடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஆர்ம் தானாக விழ வேண்டும்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஷாக்கையும் (எண்ணெயும் ஸ்பிரிங்கும் உள்ள அதிர்வு தாங்கி) கழற்றுங்கள். ஆன்டி-ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பையும் கழற்றி விடுங்கள். இப்போது ஒரு சஸ்பென்ஷன் ஆர்மை (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) விரலால் மேலே தூக்கி விடுங்கள். சொத்தென்று தன் எடையில் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றாலோ தயங்கி இறங்கினாலோ அந்த மூலையில் பிடிப்பு இருக்கிறது. ஆர்ம் கோத்திருக்கும் கம்பியை (ஹிஞ்ச் பின்) கழற்றித் துடையுங்கள், பலகை மேல் உருட்டி வளைவு பாருங்கள், பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். அதற்காக லொடலொடவென்று ஆடவும் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் கார் ஒரு முறை இடது வளைவுகளில் மட்டும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஸ்பிரிங் மாற்றினேன், கேம்பர் மாற்றினேன், டயர் மாற்றினேன். ஒவ்வொரு மாற்றமும் இரண்டு சுற்றுக்குச் சரியானது போலத் தெரியும், அப்புறம் பழைய கதைதான். மாலையில் ஷாக்கைக் கழற்றி வலது பின் ஆர்மைத் தூக்கினேன். விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. முந்தைய வாரம் ஓரக்கல்லில் இடித்ததில் ஹிஞ்ச் பின் மயிரிழை வளைந்திருந்தது. புது ஹிஞ்ச் பின் போட்டதும் கார் நேரானது. பிடிப்புள்ள காரில் நீங்கள் செய்கிற எந்த மாற்றமும் உண்மையைச் சொல்லாது.

ஷாக்

எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள். அவசரப்படாமல் கால்மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் மிச்சக் குமிழியும் மேலே வந்துவிடும். பிறகு இடதும் வலதும் ஒரே நீளமா என்று வெர்னியரில் அளங்கள். இரண்டையும் இரு கையில் பிடித்து ஒன்றாக அழுத்துங்கள், ஒரே வேகத்தில் போய் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். எண்ணெயின் அடர்த்தி, ஸ்பிரிங்கின் கடினம் இரண்டும் கையேட்டில் சொன்னபடியே இருக்கட்டும். புதியவர் அதில் கைவைக்க இன்னும் நாள் இருக்கிறது.

உயரம், எடை

ஓடுகிற நிலையில், டயர் மாட்டி, டேங்க் பாதி நிரம்பியபடி காரைப் பலகையில் வையுங்கள். ஏன் பாதி? 700 மில்லி பெட்ரோல் ஏறக்குறைய அரைக் கிலோ. இன்ஜின் ஒரு பக்கம், டேங்க் இன்னொரு பக்கம் என்று இருக்கும் காரில் டேங்க் காலியாகக் காலியாகப் பாரம் மாறும். பாதி அளவில் சமன் செய்தால் பந்தயம் முழுக்க அதிகம் விலகாது.

காரை இரண்டு முறை அழுத்தி விட்டு, அடங்கியதும் சேஸிஸின் அடியை அளங்கள். கையேட்டு அளவே தொடக்கம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நான் வைப்பேன்.

நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு சமையலறைத் தராசு வைத்தால் ஒவ்வொரு மூலையின் பாரமும் தெரியும். 5 கிலோ தராசே போதும். முன் இரு சக்கரமும் ஒரே எடை காட்டுவதுதான் குறி. ஒரு மூலையின் ஸ்பிரிங் வளையத்தை இறுக்கினால் அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கு மூலையிலும் பாரம் ஏறும், மற்ற இரண்டிலும் இறங்கும். கால் சுற்றாகப் போங்கள்.

தராசு இல்லையென்றாலும் வழி உண்டு. சேஸிஸின் பின் நுனியில், சரியாக நடுவில், ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு பின்சக்கரமும் ஒரே கணத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால் இரு பக்கமும் சமமில்லை. முன்பக்கமும் இப்படியே. ரோல் பார் இல்லாமல் சமன் செய்துவிட்டு, பிறகு பாரை மாட்டித் திரும்பத் தூக்கிப் பாருங்கள். மாட்டிய பின் மாறினால் பாரின் இணைப்பு ஒரு பக்கம் நீளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேம்பர், டோ

தொடக்கத்துக்கு நான்கு சக்கரமும் மேல்பக்கம் உள்நோக்கி 2 டிகிரி சாயட்டும். பின்சக்கரங்களுக்கு 2 முதல் 3 டிகிரி டோ-இன், அதாவது மேலிருந்து பார்த்தால் முன் நுனிகள் உள்நோக்கி இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது பின்பக்கத்தை நேராக வைப்பது இதுதான். முன்சக்கரங்கள் பூஜ்யம், அல்லது அரை டிகிரி வெளிநோக்கி.

கேம்பர் சரியா என்று டயரே சொல்லும். பத்து சுற்று ஓடி வந்ததும் டயரின் குறுக்கே விரலை ஓட்டுங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வு அதிகம், வெளிவிளிம்பு தேய்ந்தால் குறைவு.

கியர்

பினியனுக்கும் (இன்ஜின் பக்கச் சின்ன கியர்) பெரிய கியருக்கும் நடுவே ஒரு கீற்று நோட்டுக் காகிதத்தை விட்டு, இரண்டையும் நெருக்கி இன்ஜின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். அதில் மடிப்பு வரிவரியாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்திலாவது இறுகுகிறதா என்றும் பாருங்கள்.

ரேடியோ: இதில் சமரசம் வேண்டாம்

ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது சர்வோ (ரேடியோ சொல்கிறபடி ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் அசைக்கும் சின்ன மோட்டார்) முனகினால் டிரான்ஸ்மிட்டரில் அந்தப் பக்க எல்லையைக் குறையுங்கள்.

அடுத்தது ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் மூடி பிரேக் பிடிக்கும்படி அமைத்துவிட்டு, காரை ஸ்டாண்டில் வைத்து, இன்ஜின் அணைந்திருக்கும்போது டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சர்வோ பிரேக் பக்கம் போவதை உங்கள் கண்ணால் பாருங்கள். பார்க்காமல் கயிற்றை இழுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். 10 கிலோ எடை அந்த வேகத்தில் ஒருவரின் கால்மீது மோதினால் எலும்பு முறியும். த்ராட்டிலை மூடுகிற ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருக்கட்டும். ஓட்டுவது தடுப்புள்ள ட்ராக்கில் மட்டும், தெருவில் வேண்டாம்.

இன்ஜின்

பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் 25-க்கு 1. ஒரு லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். வால்ப்ரோ கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) ஊசிகளை மெதுவாக மூடி, ஏறக்குறைய ஒன்றேகால் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். பிறகு எட்டில் ஒரு பங்கு சுற்றாக மாற்றினால் போதும். எச் ஊசியை மூட மூட இன்ஜின் துள்ளும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்த இன்ஜினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடுதான். பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முதல் சில டேங்குகளை முழு வேகம் இல்லாமல் ஓட்டுங்கள்.

ட்ராக்கில்

முதலில் பிரேக். நேர்ப்பாதையில் மிதமான வேகத்தில் பிடியுங்கள். பின்பக்கம் சுழன்றால் பின் பிரேக்கைக் குறையுங்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால் ஒரு டிஸ்க் உரசுகிறது, அல்லது ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கிறது.

அடுத்து வளைவு. திருப்பியும் மூக்கு திரும்பாமல் வெளியே போனால் முன் ரோல் பாரை மென்மையாக்குங்கள், அல்லது பின் ரோல் பாரைக் கடினமாக்குங்கள். பின்பக்கம் வழுக்கினால் அதற்கு நேர்மாறு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஐந்து சுற்று, நோட்டில் ஒரு வரி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது. டயர் குளிர்ந்திருக்கும் முதல் இரண்டு சுற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எங்காவது இடித்துவிட்டால் நோட்டை மூடிவிட்டு மேசைக்கு வாருங்கள். ஷாக்கைக் கழற்றி, ஆர்மைத் தூக்கி விட்டுப் பாருங்கள்.