கணினியில் சிவப்பு, கைபேசியில் மங்கல்

அக்கா மகளின் சீமந்தத்தில் எடுத்த படங்களை கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் சரிசெய்து வீட்டாருக்கு அனுப்பினேன். கணினியில் அரக்குச் சிவப்பாக இருந்த பட்டுப்புடவை, அவர்கள் கைபேசியில் வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது.

முதலில் நிறச் செறிவைக் கூட்டினேன். கைபேசியில் ஓரளவு தேறியது, கணினியில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஜேபெக் தரத்தை 100 வைத்தேன், பயனில்லை. திரையின் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்ததில் ஒரு நாள் வீண்.

நான்காம் நாள்தான் கோப்புப் பெயர் கண்ணில் பட்டது. பழைய படங்களில் 'டிஎஸ்சி' என்ற எழுத்துகளுக்குப் பிறகு அடிக்கோடு, இந்தப் படங்களிலோ அடிக்கோடு முன்னால். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்று வகுக்கும் முறைதான் நிறவெளி. கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவெளியில் எடுத்தால் பெயரை இப்படித்தான் அடிக்கோட்டில் தொடங்கும். எப்போதோ மெனுவில் கை பட்டிருக்க வேண்டும். அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கி, அது எந்த நிறவெளி என்று சொல்லும் நிற விவரக்குறிப்பையும் கழற்றிவிடுகிறது. அது இல்லாத படத்தைக் கைபேசி எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகிய நிறவெளி என்றே எடுத்துக்கொள்ளும். அதே எண்களுக்கு அங்கே நிறம் குறைவு, அதனால்தான் மங்கல்.

சரி, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றலாம் என்று போனால் அங்கேயும் ஒரு தடுக்கல். கிம்ப்பின் இமேஜ் மெனுவில், கலர் மேனேஜ்மென்ட்டுக்குள் 'அசைன்', 'கன்வர்ட்' என்று இரண்டு உண்டு. அசைன் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. அதை அழுத்தியதும் கணினியிலேயே புடவை வெளுத்தது. அதைத் திரும்பப் பெற்று, நிறம் மாறாதபடி எண்களையே மாற்றும் 'கன்வர்ட்' கொடுத்து ஏற்றுமதி செய்தேன். இப்போது இரண்டு திரையிலும் அதே அரக்கு. அப்பாடா என்றிருந்தது.

கேமராவையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டேன். அடுத்த படத்தில் அடிக்கோடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.