பாளி வரிகளைத் தமிழில் எழுதி ஓதும்போது

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் போயா (பௌர்ணமி) நாளில் விகாரைக்குப் போய்ப் பிரித் (பாளியில் ஓதும் பௌத்தக் காப்பு வரிகள்) ஓத விரும்பினால், தமிழெழுத்தை மட்டும் நம்பாதீர்கள்; ஓர் எழுத்து எங்கே வன்மையாக, எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதை அது காட்டாது.

முதலில் 'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ ஸம்மாஸம்புத்தஸ்ஸ' மூன்று முறை. இரட்டை 'ஸ்ஸ'வை விழுங்கினால் மாத்திரை குறையும். அடுத்து முச்சரணம் ('புத்தம் ஸரணம் கச்சாமி' முதலான மூன்று வரிகள்), மூன்று சுற்று. இரண்டாவதில் 'துதியம்பி', மூன்றாவதில் 'ததியம்பி' முன்னால் வரும். 'கச்சாமி'யின் முதலெழுத்து 'கங்கை'யில் வருவதுபோல் மெலிந்து ('g' ஆக) ஒலிக்கவேண்டும். 'புத்தம்' என்பதை 'சுத்தம்' மாதிரி வன்மையாகப் படிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. பிக்கு ஓதுவதைக் கேட்டு, மெலியும் எழுத்தின்கீழ் பென்சிலால் கோடிடுங்கள்.

பிறகு கரணீய மெத்த சுத்தம் (அன்பைப் பற்றிய சூத்திரம்): 10 செய்யுள், நாளுக்கு ஒன்று போதும். இது வரம் கேட்கும் மந்திரமல்ல, எல்லா உயிர்மீதும் அன்பைப் பரப்பும் பயிற்சி. பொருளைப் படித்துவிட்டே ஓதுங்கள், வேகம் வேண்டாம். குளிர்காலை என்றால் ஒரு மிடறு சுடுதண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்குங்கள், குரல் கட்டாது.